தன்வினை

ஜனவரி 9

விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் பிரெஞ்சு வகுப்பு. புதுப் பாடம். நாங்கள் தமிழில் வெட்டிக்கொண்டாள், சுட்டுக்கொண்டாள் என்று வினையின் பின்னால் ஒரு ‘கொண்டாள்’ சேர்ப்பதை இவர்கள் முன்னால் ஒரு se ஒட்டிச் சொல்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நடந்து முடிந்த செயலாக இருந்து, செய்தவள் பெண்ணாகவும் இருந்தால், வினைச்சொல்லின் வாலில் ஓர் e போட வேண்டும். அந்த e வாயில் வராது. காதில் கேட்காது. எழுத்தில் மட்டும் இருக்கும். தலைமயிரில் ஈர் தேடுவதுபோல ஒவ்வொரு சொல்லாக விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய நாடு, இவ்வளவு பெரிய கோபுரம் கட்டியவர்கள், இந்த அரியண்டத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சீவிக்கிறார்கள்?

படிப்பிக்கிற மதாம் ஃபெராண் ஓய்வுபெற்ற ஆசிரியை. சம்பளம் இல்லாமல் வருகிறார். கையில் இருமிவிட்டு அதே கையால் தாளைத் தருவார். நுனியில் பிடித்து வாங்குவேன்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்டில் மூத்திர நாற்றம். ஒன்பதாம் மாடி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் எண்ணெய்ப் புகை. மச்சாள், அண்ணாவின் மனைவி, கையைச் சுட்டுக்கொண்டு நிற்கிறாள். கத்தரிக்காய் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்ததாம். நான்கு வருடமாக இந்த வீட்டில் சமைக்கிறாள், இன்னும் ஒரு தாச்சியைப் பிடிக்கத் தெரியவில்லை. அண்ணா வேலையால் வந்து அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவருடைய பொறுமை எனக்கு வராது.

ஜனவரி 13

பள்ளிக்கூடக் கன்ரீனில் இன்று மீனும் பசளிக்கீரையும். தட்டு வழிப்பது என் வேலை. மென்று துப்பிய கீரை, அதன் மேல் தயிர், தயிருக்குள் குத்தி நிறுத்திய மீன்முள். ஒரு பிள்ளை சீஸைத் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுக் கரைத்து வைத்திருந்தது. கையுறைக்குள் அந்தத் தண்ணீர் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மஞ்சள் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை.

ஜனவரி 16

போன கிழமை படித்தது பாதிதானாம். இன்று மீதி.

Elle s'est lavée. அவள் தன்னைக் கழுவினாள். e உண்டு. Elle s'est lavé les mains. அவள் கைகளைக் கழுவினாள். e இல்லை. கழுவப்பட்டது அவளா, வேறேதாவதா என்று பார்க்க வேண்டுமாம். செயல் யார் மேல் போய் விழுகிறது என்று எப்போதும் கேளுங்கள் என்றார் மதாம்.

கையும் அவள்தானே என்று கேட்டேன். கை அவளுடையது, ஆனால் இலக்கணத்தில் கை வேறு, அவள் வேறு என்றார். வகுப்பே தலையாட்டியது. எனக்குத் தலையிடி.

பயிற்சியில் வந்த வாக்கியங்கள் முழுவதும் பெண்கள். ஒருத்தி விரலை வெட்டிக்கொள்கிறாள், ஒருத்தி காலை முறித்துக்கொள்கிறாள், ஒருத்தி கதவில் மோதிக்கொள்கிறாள். ஆண் ஒருவன்கூட இல்லை. மொரோக்கோக்காரி ஹனான் ஏன் என்று கேட்டாள். ஆணுக்கு e வராது, அதனால் ஆணை வைத்து இந்தப் பாடத்தைக் காட்ட முடியாது என்றார் மதாம்.

பிறகு, வீட்டில் யாராவது ஒரு பெண் தனக்குத்தானே செய்துகொண்ட ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார். நான் மச்சாளின் சூட்டுக்காயத்தைச் சொன்னேன். சுடப்பட்டது கை, ஆகவே e இல்லை. சரியாகச் சொன்னது நான் மட்டும்தான். பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டார்.

ஜனவரி 23

மச்சாள் அலுமாரிக் கதவில் முகத்தை இடித்துக்கொண்டாள். கன்னம் அழுகத் தொடங்கிய வாழைப்பழத் தோல்போல இருக்கிறது. வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறாள். மறுபக்கத்தால் சொதி வழிகிறது, துடைக்கிறாள், திரும்ப வழிகிறது. பார்க்க ஓங்காளித்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் நின்று சாப்பிட்டேன்.

வகுப்பில் இதையும் சொன்னேன். மோதியது அவளே, e உண்டு. எல்லோரும் சிரித்தார்கள். “உன்னுடைய மச்சாள் இந்த வகுப்புக்காகவே பிறந்தவள்” என்றாள் ஹனான். நானும் சிரித்தேன்.

ஜனவரி 30

இன்று உதடு. நித்திரையில் கடித்துக்கொண்டாளாம். கடிபட்டது உதடு, e இல்லை. சரியாகத்தான் சொன்னேன். மதாம் பலகையில் எழுதவில்லை. சிரித்தவர்களைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

வகுப்பு முடிந்து என்னை நிற்கச் சொன்னார். உன் மச்சாள் எப்படி இருக்கிறாள், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், அண்ணா எப்படிப்பட்டவர். மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்புத்தோல் ஆம்பிளை என்றால் அடிப்பவன் என்று இவர்களுக்கு ஒரு முடிவு. அண்ணாவைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? அப்பா செத்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணா இங்கே உணவகங்களில் கோப்பை கழுவித்தான் என்னைப் படிப்பித்தார். என்னை இங்கே எடுப்பிக்க எத்தனை கந்தோர்ப் படி ஏறினார். இன்றைக்கும் நல்ல துண்டு இறைச்சியை என் தட்டில்தான் வைப்பார்.

என் மச்சாள் கவனமில்லாதவள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிழையில்லாத பிரெஞ்சில்.

பிப்ரவரி 2

அண்ணாவின் நண்பர் ஒருவரின் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, மண்டபத்தில். அண்ணா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறினார். அவர் வந்தால்தான் எந்த விசேசமும் ஒழுங்காக நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். “சீலன்ர தங்கச்சியோ, குடுத்துவைச்சனீங்கள்” என்று பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். அவருடைய கை முழுக்க நெய்.

மச்சாள் முழங்கை தாண்டிய சட்டை போட்டு ஒரு மூலையில் இருந்தாள். யாரோடும் பேசவில்லை. திமிர் என்றுதானே சனம் நினைக்கும்.

பிப்ரவரி 6

வகுப்புக்குப் போகவில்லை. தலையிடி.

பிப்ரவரி 11

வேலைநிறுத்தம், கன்ரீன் பூட்டு. வேளைக்கு வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணீர் போட்டேன்.

பிப்ரவரி 12

கன்ரீனில் சோறு. தண்ணீர் வற்றாமல் வெந்த வெள்ளைச் சோறு, மேலே ஏதோ மஞ்சள் குழம்பு. முதல் தட்டை வழிக்கும்போதே சத்தி எடுத்தேன். மேற்பார்வையாளர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, பிள்ளையோ என்று கண்ணைச் சிமிட்டிக் கேட்டாள். அவளுடைய வாயில் சூயிங்கம். அதைப் பார்த்துத் திரும்ப எடுத்தேன்.

பிப்ரவரி 14

வீட்டில் சாப்பிட முடியவில்லை. பாண் வாங்கி பஸ்ஸில் வைத்துத் தின்கிறேன்.

ஏன் சாப்பிடுகிறாயில்லை, வேலை கடினமோ, விடச் சொல்லட்டோ என்று அண்ணா கேட்டார். தலையைத் தடவினார். கையில் வெங்காய வாசம். நாள் முழுக்கச் சமையல்காரனாக நிற்பவரின் கை. அந்த வாசம் எனக்குப் பிடிக்கும். இன்று தலையை இழுத்துக்கொண்டேன். அவர் கவனித்தார். நானும் கவனித்தேன்.

பிப்ரவரி 20

மச்சாளுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அண்ணா எங்களை ஆசுப்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனார். இத்தனை வருடம் இருந்தவர், பிரெஞ்சு என்னைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் உள்ளே நான்தான் போக வேண்டும் என்றார். “நீ பொம்பிளைப் பிள்ளை. உன்ர வாயால வந்தா நம்புவினம். நான் சொன்னா ஒரு மாதிரிப் பாப்பினம்” என்றார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டும். யார் எதை நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

டொக்டர் இளம் பெண். எப்படி நடந்தது என்றாள். Elle s'est cassé le poignet என்றேன். மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். முறிந்தது மணிக்கட்டு, வாலில் e வராத வாக்கியம். பேச்சில் அது தெரியவே தெரியாது, ஆனாலும் மனதுக்குள் பார்த்துச் சரி போட்டுக்கொண்டேன். டொக்டர் எங்கே, எப்படி என்று திரும்பக் கேட்டாள். குளித்துவிட்டு வரும்போது வழுக்கினாள் என்றேன். அவள் மச்சாளைப் பார்த்தாள். மச்சாள் என்னைப் பார்த்தாள். மூக்கிலிருந்து நீர் வடிந்து மேலுதட்டில் நின்றது, துடைக்க மற்றக் கையைத் தூக்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கைகழுவும் முறை படம் படமாக ஒட்டியிருந்தது.

திரும்பி வரும்போது வழியில் நிறுத்தி, அண்ணா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

பிப்ரவரி 21

அண்ணா வேலைக்குப் போன பிறகு மச்சாள் என் முன்னால் வந்து இருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கை மடியில்.

“டொக்டரிட்ட என்ன சொன்னனீர்?”

“வழுக்கி விழுந்து கையை முறிச்சுப்போட்டியள் எண்டு.”

“நான் விழேல்லை.”

“தெரியும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னேன் என்று தெரிந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, எழும்பிப் போய், ஒற்றைக் கையால் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

பதினோராம் தேதி எழுதாததை எழுதுகிறேன்.

கதவைத் திறந்தபோது அண்ணா சமையலறையில் இருந்தார். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் அவருக்கு ஓய்வு. மச்சாள் மேசையில் சாப்பாட்டுக்கு முன்னால். அவர் பின்னால் நின்று அவளுடைய கொண்டையைப் பிடித்து, முகத்தைத் தட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சோறும் மீன்குழம்பும். அடிக்கவில்லை, கத்தவில்லை. மேசை துடைக்கிறவரைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தார். “உப்புப் பார் எண்டு எத்தினை தரம் சொன்னனான்” என்று தணிந்த குரலில் சொன்னார். அவள் மூச்செடுக்கும்போது சோறு மூக்குக்குள் போகிற சத்தம் கேட்டது.

என்னைக் கண்டதும் விட்டார். சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கை கழுவினார். “வேளைக்கு வந்திட்டாய், தேத்தண்ணி போடன்” என்றார்.

மச்சாள் நிலத்தில் இருந்து சிந்தியதை வழித்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் ஒரு மீன்முள் ஒட்டியிருந்தது. பால்மா டப்பாவை எடுக்க அவளுடைய காலைத் தாண்டிப் போனேன். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். சீனி அளவாக இருக்கிறது என்றார்.

நான் தினமும் வழிக்கிற தட்டுகளில் எதுவும் இதைவிட ஊத்தை இல்லை.

மார்ச் 6

திரும்ப வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

இன்றைய பாடம்: se faire. ஒரு பெண்ணை யாராவது அடித்தால் பிரெஞ்சில் elle s'est fait battre என்று சொல்லலாம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், அவள் தன்னை அடிப்பித்துக்கொண்டாள். இந்த இடத்தில் fait என்ற சொல்லுக்கு ஒருபோதும் e வராது என்றார் மதாம். பெண்ணாக இருந்தாலும் வராது, எத்தனை பெண்களாக இருந்தாலும் வராது.

அடித்தது யார் என்று கேட்டேன். வேறு யாரோ என்றார். பிறகு ஏன் அவளே செய்வித்ததுபோல எழுத வேண்டும்? மதாம் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். பேச்சு வழக்கு அப்படி வந்துவிட்டது, எனக்கும் பிடிக்கவில்லை என்றார்.

என்ன ஊத்தைப் பாஷை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். பிறகு எங்கள் பாஷையை யோசித்தேன். அடி வாங்கினாள் என்கிறோம். கடையில் போய்ப் பேரம் பேசி வாங்கியதுபோல. அடி தின்றாள் என்கிறோம். பசித்துத் தின்றதுபோல. சுட்டுக்கொண்டாள், இடித்துக்கொண்டாள், கடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக நான் மச்சாளைப் பற்றி எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் மச்சாளே தனக்குச் செய்திருக்கிறார். அந்தச் சோற்றுத் தட்டைத் தவிர வேறெந்த வரியிலும் அண்ணா கையை நனைக்கவில்லை.

வகுப்பு முடிந்து மதாம் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. அறிவித்தல் பலகையில் பெண்களுக்கான தொலைபேசி இலக்கம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று குளிர்கோட்டைப் போட வெகுநேரம் எடுத்தார். நான் பார்த்தேன் என்று தெரிந்த பிறகுதான் பொத்தானைப் பூட்டினார்.

மார்ச் 16

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தார். சொல்லிப் பார்த்தேன். முழுவதும் இல்லை, கொஞ்சம். “அவனுக்குக் கொஞ்சம் கோவம் கூட, அது உங்கட அப்பாவுக்கும் இருந்தது” என்றார். பிறகு முருங்கைக்காய் விலையைச் சொன்னார்.

அப்பாவுக்கும் இருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவின் முன்பல் ஒன்று இல்லாதது கிணற்றடியில் விழுந்ததால் என்றுதான் தெரியும்.

மார்ச் 22

அண்ணா என்னைத் தனியே கூப்பிட்டார். மாவுக்கட்டு வெட்டுகிற நாளுக்கு நான் லீவு எடுக்க வேண்டும். “அண்டைக்குச் சொன்ன கதைதான். மாத்தாத. ரெண்டு தரம் ரெண்டு கதை சொன்னா அவங்களுக்குச் சந்தேகம் வரும்” என்றார். அவளுக்குக் கொழுப்பு, அவளுடைய வீட்டார் வளர்த்த சீர் அப்படி என்றும், எனக்கு ஒரு நல்ல இடத்தில் பேசி வைத்திருப்பதாகவும் இடையில் சொன்னார். பேசும்போது பல்லிடுக்கில் ஒரு துண்டு கீரை. நான் அதையே பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன்.

மச்சாளும் நானும் இப்போது ஒரே அறைக்குள் இருந்தால் ஒருவர் வெளியே போகிறோம். பெரும்பாலும் நான்.

ஏப்ரல் 3

அதே டொக்டர். உள்ளே துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்று தாதி சொன்னதால் அண்ணா வெளியே நின்றார். “அதே கதை” என்று தமிழில் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார்.

மாவுக்கட்டை வாளால் வெட்டினார்கள். உள்ளேயிருந்த கை வேறு யாருடையதோபோல இருந்தது. மெலிந்து, செதில் செதிலாகத் தோல் உரிந்து, புளித்த துணி நாற்றம். டொக்டர்கூட முகத்தைச் சற்றுத் திருப்பினாள். நான் திருப்பவில்லை. ஈரத் துணி வாங்கித் துடைத்துவிட்டேன். உரிந்த தோல் என் விரலில் ஒட்டியது.

எலும்பு பொருந்திவிட்டது என்றாள் டொக்டர். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எங்களுக்கு எதிரே இருந்தாள். விழுந்தால் எலும்பு இப்படி முறிவதில்லை, எப்படி நடந்தது என்று நான் இன்னொருமுறை கேட்கிறேன் என்றாள். என்னைக் கேட்கவில்லை, மச்சாளைப் பார்த்துக் கேட்டாள்.

“என்னவாம்?” என்றார் மச்சாள்.

“எப்பிடி முறிஞ்சதெண்டு கேக்கிறா. நீங்களே சொல்லுங்கோ மச்சாள். நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுறன்.”

“அவர் வெளியில நிக்கிறார்.”

“ஓம். நிக்கிறார்.”

மச்சாள் செதில் உரிந்த கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு இருந்தார். பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவருடைய இடத்தில் நான் என்றால் என்னை வைத்துக்கொண்டு பேசியிருக்கமாட்டேன்.

“கதவு நிலையில என்ர கையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு, கதவை அடிச்சுச் சாத்தினவர்” என்றார்.

அதைச் சொன்னேன். அவர் அடுத்ததைச் சொன்னார், அதையும் சொன்னேன். எண்ணெயை, அலுமாரியை, உதட்டை, நான் அறியாத இன்னும் பலதை. என் பிரெஞ்சு தடுக்கியது, சொல் வராத இடத்தில் கையால் காட்டினேன். ஆனால் ஒரு வாக்கியத்துக்கும் se தேவைப்படவில்லை. எல்லாம் il என்று தொடங்கின. அவன் எடுத்தான், அவன் ஊற்றினான், அவன் பிடித்தான். வகுப்பில் இப்படியொரு வாக்கியம் வந்ததே இல்லை.

வீட்டுக்குப் போக விருப்பமா என்று டொக்டர் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் “நோன்” என்றார். அவர் பிரெஞ்சில் பேசி நான் கேட்ட முதற்சொல்.

எங்களை வேறு வாசலால் கொண்டுபோனார்கள். நடைவழியின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அண்ணா காத்திருக்கும் இடத்தில் இரண்டு கையிலும் கோப்பிக் கோப்பையோடு நின்றான். எங்களுக்கு வாங்கியிருக்கிறான்.

ஏப்ரல் 4

பொலிசில் தட்டையும் சோற்றையும் சொன்னேன். தேத்தண்ணீரையும் சொன்னேன். அதை எழுதத் தேவையில்லை என்றார்கள். எழுதச் சொன்னேன்.

ஏப்ரல் 19

பெண்கள் விடுதியில் எங்கள் இருவருக்கும் ஓர் அறை. பொதுச் சமையலறை. குழாயடியில் ஊரிலுள்ள எல்லோருடைய தலைமயிரும் அடைத்துக் கிடக்கிறது. பக்கத்து அறைக்காரி நகம் வெட்டி அப்படியே விடுகிறாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, எல்லோருக்கும் களைப்பு.

மச்சாள் என்னோடு பேசுவது தேவைக்கு மட்டும். விண்ணப்பத்தில் இது என்ன கேட்டிருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு. எங்களைப் பார்க்க வந்த மதாம் ஃபெராண், மச்சாள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொன்னபோது, அதையும் மொழிபெயர்த்தேன். மச்சாள் மதாமைப் பார்த்து நாகரிகமாகத் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

அம்மா எடுத்தார். “அவன் உனக்குச் செய்ததுக்கு நீ செய்த கைமாறு இதுவோ?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். திருப்பி எடுத்தேன். எடுக்கவில்லை.

மே 22

மொழிப் பரீட்சை முடிவு வந்தது. கேட்டல், பேசுதல் சித்தி. எழுத்தில் பெயில். “நீங்கள் மறக்காத ஒரு குடும்ப நாள்” என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். தலைப்பை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியடித்துவிட்டார்கள்.

மே 27

கன்ரீன் வாசலில் அண்ணா நின்றான். மச்சாளின் கிட்டே போகக்கூடாது என்றுதான் அவனுக்குக் கட்டளை, என்னிடம் வரலாம். அயன் பண்ணிய சேர்ட், திருநீறு. கண் சிவந்திருந்தது. அடுத்த மாதம் வழக்கு.

உன்னில் எனக்குக் கோபமில்லை என்று தொடங்கினான். அம்மா சாப்பிடுவதில்லை, வேலையிடத்தில் முதலாளி ஒரு மாதிரிப் பார்க்கிறான், கோயிலில் யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதான். மூக்கைச் சேர்ட் கையில் துடைத்தான். சின்ன வயதில் எனக்கு மூக்குத் துடைத்துவிட்டவன் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னை அங்கே நிற்க வைத்தது.

“நீ பொய் சொல்லத் தேவையில்லை, சுபா. பிரெஞ்சு வடிவாத் தெரியாது, பிழையா மாத்திச் சொல்லிப்போட்டன் எண்டு மட்டும் சொல்லு. சோதினையிலயும் பெயில்தானே. அந்தக் கடதாசியைக் காட்டினா ஆரும் நம்புவினம்.”

பெயிலானது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் அது எவ்வளவு சுலபம் என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். அம்மா திரும்பப் பேசுவார். பழையபடி அண்ணா வீட்டுச் சோபாவில் படுக்கலாம். ஒரு e தவறிய பிழைபோல எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

“நான் தமிழில கண்டனான் அண்ணா” என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அழுகை நின்றுவிட்டது. ஒரு துளிகூட மிச்சமில்லாமல், குழாயைப் பூட்டியதுபோல. நான் தின்ற ஒவ்வொரு பிடி சோற்றையும் பற்றிச் சொன்னான். என்னை எடுப்பித்ததே பிழை என்றான். குரல் உயரவில்லை. அன்று சமையலறையில் கேட்ட அதே குரல்.

அவன் போன பிறகு உள்ளே போய் ஏப்பிரன் கட்டினேன். அன்றைக்குப் பீற்றூட். தொட்டி முழுவதும் சிவப்பு.

ஜூன் 17

வழக்கு முடிந்தது.

நீதிமன்றத்தில் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் இருந்தார், வயதான புதுச்சேரிக்காரர். மச்சாள் சொன்னதை அவர் பிரெஞ்சில் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒன்றையும் விடவில்லை. பிறகு நான் கண்டதைச் சொன்னேன். அண்ணாவின் வழக்கறிஞர் என் பரீட்சை முடிவைத் தூக்கிக் காட்டினான். எழுத்தில்தான் பெயில் என்றேன். நீதிபதி அவனை அடுத்ததுக்குப் போகச் சொன்னார்.

சிறைத்தண்டனை, ஆனால் ஒத்திவைத்திருக்கிறார்கள். இனி மச்சாள் இருக்கிற திசைக்கே வரக்கூடாது. வேலையை விடத் தேவையில்லை. நாளைக்கும் யாராவது ஒருவருடைய சாப்பாட்டை அவன் சமைப்பான்.

தீர்ப்பை வாசிக்கும்போது அவன் மச்சாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். காலுக்கடியில் மிதிபட்ட எதையோ பார்ப்பதுபோல. வெளியே நடைவழியில் அவனுடைய நண்பர்களின் குடும்பங்கள். சாமத்தியச் சடங்கில் என் கையைப் பிடித்த அம்மாவும் வந்திருந்தார். நான் கடந்து போகும்போது சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நானும் மச்சாளும் பஸ் தரிப்பில் நின்றோம். அவருக்குப் பசித்தது. எதிர்க் கடையில் ஒரு சாண்ட்விச் வாங்கிவந்து அங்கேயே நின்று, வாயின் இரண்டு பக்கத்தாலும் மென்று, கடைசித் துண்டு வரை சாப்பிட்டார். எனக்குத் தரவில்லை. நான் கேட்கவுமில்லை. தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

“உம்மோட கதைக்க எனக்கு இன்னும் மனம் வரேல்லை” என்றார்.

“ஓம் மச்சாள்.”

“நாளைக்கு ஒரு வீடு பாக்கப் போகவேணும். ஒற்றை அறைதான். வீட்டுக்காரனுக்குத் தமிழ் தெரியாது.”

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை.

“எத்தினை மணிக்கு?” என்று கேட்டேன்.